விடுதியை விட்டு வெளியே வரும்போது: எந்த வீடு, யாரோடு, எத்தனை மாதம்

முதலாண்டு முடிந்ததும் பல்கலைக்கழக விடுதியில் இனி இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். சித்தி மகள் ஒரே வாரத்தில் நான்கு இடங்களைப் பார்த்து, ஒரு தாளில் எழுதி, அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாள். நான்கு வரிகள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் மாத வாடகை. "அக்கா, ரெண்டாவதுதான் குறைச்சல். அதையே எடுத்துக்கட்டுமா?"

அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, பிறகு எட்டு மாதம் விழித்தவள் நான். அதனால் உடனே பதில் சொல்லவில்லை. அவளிடம் திருப்பி மூன்று கேள்விகள் கேட்டேன். எத்தனை மாதத்துக்கு ஒப்பந்தம்? ஒப்பந்தத்தில் யார் யார் பெயர் இருக்கும்? நடுவில் கிளம்ப வேண்டியிருந்தால் என்ன வழி? மூன்றுக்கும் அவளிடம் பதில் இல்லை. வாடகை என்பது மாதாமாதம் கொடுப்பது. மாணவருக்குப் பெரிய செலவு வருவது பெரும்பாலும் இந்த மூன்று கேள்விகளின் பதிலில் இருந்துதான்.

அவள் பார்த்த நான்கும் எங்கேயும் மாணவர்களுக்குக் கிடைக்கக்கூடிய வகைகள்தாம். மின்சாரம், தண்ணீர், இணையம் எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம் வாங்கும் தனியார் மாணவர் விடுதி. தோழிகள் நால்வர் சேர்ந்து எடுக்கும் முழு வீடு. வீட்டுக்காரர் குடும்பமும் வசிக்கும் வீட்டில் ஓர் அறை. வெளியூர்ப் பயிற்சிக்குப் போகும் ஒரு சீனியர், தான் வாடகைக்கு எடுத்திருப்பதை நான்கு மாதத்துக்கு இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விடும் அறை. தனியாக ஒரு சின்ன வீடு எடுப்பது என்ற ஐந்தாவது வழியை அவள் எழுதவே இல்லை. சரிதான். எல்லாச் செலவும் ஒரே தலையில் விழும் வழி அது. கையில் நல்ல உதவித்தொகை இருந்தால் யோசிக்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

வாடகையை எப்படிக் கணக்கிடுவது

முதலில் கணக்கை முடித்துவிடுவோம். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் பொருந்தட்டும் என்பதற்காக, முழு வீட்டில் ஒருத்தியின் பங்கு மாதம் 100 என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் பில், தண்ணீர், இணையம் எல்லாம் சேர்த்துத் தலைக்கு மாதம் 20. தனியார் விடுதியில் எல்லாம் சேர்த்து 140. தாளில் பார்த்தால் 100 எங்கே, 140 எங்கே என்றுதான் தோன்றும்.

ஆனால் வீட்டு ஒப்பந்தம் 12 மாதத்துக்கு. விடுதி, வகுப்பு நடக்கும் 9 மாதத்துக்கு மட்டும். விடுமுறையில் அவள் ஊருக்குப் போய்விடுகிறாள் என்றால், வீட்டுக்கு 12 மாத வாடகை 1200, இருக்கும் 9 மாதத்துக்கு இதர செலவு 180, மொத்தம் 1380. விடுதிக்கு 9 மாதத்துக்கு 1260. குறைச்சல் என்று நினைத்த வீடு 120 கூடுதலாக வாங்கிக்கொண்டு போகிறது.

இதையே திருப்பிப் போடுங்கள். விடுமுறையிலும் ஆய்வகத்திலோ பகுதிநேர வேலையிலோ இருந்துகொண்டு 12 மாதமும் அங்கேயே தங்குபவருக்கு வீடு 1440. விடுதியை ஆண்டு முழுக்க அதே கட்டணத்தில் எடுத்தால் 1680. இப்போது வீடுதான் மலிவு. ஆக, எது குறைந்த வாடகை என்பது வீட்டைப் பொறுத்தது மட்டுமல்ல, உங்கள் ஆண்டு எப்படிப் போகப்போகிறது என்பதையும் பொறுத்தது. மொத்தச் செலவை எடுத்து, உண்மையில் தங்கப்போகும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள். இதைச் செய்யாமல் இரண்டு இடங்களை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

தூரத்துக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. வளாகத்துக்கு 10 நிமிடத்தில் இருக்கும் அறையையும் 40 நிமிடத்தில் இருக்கும் அறையையும் எடுத்துக்கொள்ளுங்கள். போக வர ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வித்தியாசம். வாரம் 5 நாள், 15 வாரப் பருவம் என்றால் 75 மணி நேரம். வாரம் 3 மணி நேரம் வகுப்பு நடக்கும் ஒரு பாடத்துக்கு அதே பருவத்தில் மொத்தம் 45 மணி நேரம்தான் ஆகிறது. தூர வீட்டில் மிச்சமாகும் பணத்தை இந்த மணிகளால் வகுத்தால், உங்கள் ஒரு மணி நேரத்தை என்ன விலைக்கு விற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். பேருந்தில் உட்கார்ந்து படிக்க முடியுமென்றால் கொஞ்சம் தள்ளுபடி கொடுக்கலாம். நின்றுகொண்டே போகிற வழித்தடத்துக்குக் கிடையாது. அதைவிட முக்கியமானது கடைசி வண்டி. நூலகம் நள்ளிரவு வரை திறந்திருந்து, கடைசிப் பேருந்து ஒன்பதரைக்கு என்றால், அந்த நூலகம் உங்களுக்கு ஒன்பது மணிக்கே மூடிவிட்டது என்று அர்த்தம்.

நால்வர் சேர்ந்து ஒரு வீடு

சித்தி மகளுக்குப் பிடித்திருந்தது இதுதான். யாருக்குத்தான் பிடிக்காது? சொந்தச் சமையலறை, பெரிய கூடம், இரவு எந்நேரமும் பேச ஆள். நான் இரண்டாமாண்டில் எடுத்ததும் இதையேதான்.

நாங்கள் நான்கு பேரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டோம். தலைக்கு நாலில் ஒரு பங்கு என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். ஒப்பந்தம் அப்படிச் சொல்லவில்லை. கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று ஒரு வரி இருந்தது. பல நாடுகளில் வாடகை ஒப்பந்தங்களில் இந்த மாதிரி ஒரு வரியைப் பார்க்கலாம். அதன் பொருள், முழு வாடகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு என்பது. வீட்டுக்காரருக்கு வேண்டியது 400. அது நாலு கையிலிருந்து வந்தாலும் சரி, ஒரு கையிலிருந்து வந்தாலும் சரி. நான்காம் மாதம் எங்களில் ஒருத்திக்கு வேறு நாட்டில் பரிமாற்றப் படிப்புக்கு இடம் கிடைத்தது. நல்ல செய்திதான், கட்டிப்பிடித்து வழியனுப்பினோம். அடுத்த மாதம் முதல் 100 என்றிருந்த எங்கள் பங்கு 133 ஆனது. பரீட்சை நேரத்தில் நான்காவது ஆளைத் தேடி அலைந்தோம். யாரும் கெட்டவர்கள் இல்லை. அந்த வரியை யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு மாற்று, அறைக்கு அறை தனி ஒப்பந்தம். பல தனியார் மாணவர் விடுதிகளில் அப்படித்தான் இருக்கும். பக்கத்து அறை காலியானால் நட்டம் நடத்துபவருடையது, உங்களுடையது இல்லை. ஆனால் அந்தக் காலி அறைக்கு யாரைக் கொண்டுவருவது என்பதையும் அவரே முடிவு செய்வார். நடுராத்திரியில் டிரம்ஸ் வாசிக்கும் ஒருவர் வந்தாலும் நீங்கள் பொறுத்துப் போக வேண்டியதுதான். கூட்டு ஒப்பந்தத்தில் ஆளைத் தேர்ந்தெடுக்கலாம், பொறுப்பும் சேர்ந்து வரும். தனி ஒப்பந்தத்தில் பொறுப்பு குறைவு, தேர்வும் குறைவு. இரண்டையும் ஒருசேரத் தரும் ஒப்பந்தத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

பிணையாள் கையெழுத்து கேட்டால் இன்னும் கவனம் வேண்டும். வருமானம் இல்லாத மாணவர் என்பதால் பெற்றோரைப் பிணை நிற்கச் சொல்வது வழக்கம். அந்தப் பிணை உங்கள் பங்குக்கு மட்டுமா, முழு வீட்டு வாடகைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். அறைத்தோழி கட்டாத வாடகைக்கு உங்கள் அப்பாவுக்குக் கடிதம் வருவதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

அப்புறம், நெருங்கிய தோழி நல்ல அறைத்தோழியாக இருப்பாள் என்று நினைத்துவிட வேண்டாம். நட்புக்கு ஒத்துப்போகும் குணங்கள் வேறு. ஒரு வீட்டில் இருக்க ஒத்துப்போக வேண்டியவை மூன்றே: தூங்கும் நேரம், பாத்திரம் கழுவும் நேரம், பணம் கொடுக்கும் நேரம். வகுப்பில் அதிகம் பேசாத ஒருத்தி, மாதம் பிறந்த அன்றே பங்கைக் கொடுத்துவிட்டுப் பத்தரைக்கு விளக்கணைப்பவளாக இருந்தால், அவளோடுதான் நான் வீடு எடுப்பேன். தோழியை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்காரர் இருக்கும் வீடு

இந்த அறைக்கும் வாடகை குறைவுதான். கட்டில், மேசை, அலமாரி எல்லாம் இருந்தன, முன்பணமும் கொஞ்சம்தான். புது ஊரில், யாரையும் தெரியாத நிலையில், காய்ச்சல் வந்தால் கதவைத் தட்டிக் கேட்க ஒரு குடும்பம் இருப்பது சின்ன விஷயமில்லை. அமைதியாகப் படிக்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல இடம் அமைவது கடினம்.

விலை வேறு வழியில் வரும். சமையலறையை எந்த நேரத்தில் பயன்படுத்தலாம், நண்பர்கள் வரலாமா, இரவு எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் பேச்சில் 'உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க' என்றுதான் தொடங்கும். இரண்டாவது மாதத்தில்தான் அது யார் வீடு என்பது தெளிவாகும். ஆகவே அந்த நியமங்களை முதல் நாளே கேட்டு, ஒரு செய்தியாக எழுதி அனுப்பி, 'இப்படித்தானே பேசிக்கொண்டோம்' என்று உறுதி செய்துகொள்வது நல்லது. இன்னொன்றும் உண்டு. வீட்டுக்காரரோடு ஒரே வீட்டைப் பகிர்ந்து தங்குபவருக்கு, தனி வீடு எடுத்தவருக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு அத்தனையும் பல நாடுகளில் இருப்பதில்லை. கிளம்பச் சொன்னால் கிளம்ப வேண்டிய அவகாசம் மிகக் குறைவாக இருக்கலாம். பரீட்சைக்கு முந்தைய வாரம் அப்படி ஒரு பேச்சு வராமல் இருக்க, குறைந்தது ஒரு மாத முன்னறிவிப்பு இரு பக்கத்துக்கும் உண்டு என்று எழுதி வாங்கலாம்.

அறைக்கு உள்பக்கமாகப் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நான் அந்த அறையை எடுக்க மாட்டேன், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

நான்கு மாத உள்வாடகை

சித்தி மகள் இதைப் பட்டியலின் கடைசியில், அரைமனதோடு எழுதியிருந்தாள். நான் முதலில் விரல் வைத்தது இங்கேதான்.

ஒரு பகுதியை நமக்குத் தெரிவதற்கு முன்பே அங்கே 12 மாதம் இருப்பேன் என்று கையெழுத்துப் போடுவது, ருசி தெரியாமல் ஒரு வருடச் சாப்பாட்டுக்கும் பணம் கட்டுவது போல. நான்கு மாதம் ஒரு பகுதியில் இருந்தால் எந்தத் தெருவில் இரவில் விளக்கு எரிகிறது, எந்தப் பேருந்து வராது, எந்த வீட்டுக்காரர் குழாய் பழுதானால் அன்றே ஆள் அனுப்புவார் என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். யாரோடு சேர்ந்து வீடு எடுக்கலாம் என்பதும் அதற்குள் தெரிந்திருக்கும். கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுத்தாவது முதல் முறை வெளியே வருபவர் இப்படி ஆரம்பிக்கலாம் என்பது என் கட்சி.

ஆபத்து என்னவென்றால், உள்வாடகைக்கு விடுபவருக்கு அந்த உரிமை இருக்கிறதா என்பது. பல ஒப்பந்தங்கள் வீட்டுக்காரரின் எழுத்து அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது என்று சொல்கின்றன. அனுமதி இல்லாமல் நீங்கள் உள்ளே போனால், வீட்டுக்காரர் கண்ணில் நீங்கள் யாரோ. நீங்கள் சீனியரிடம் ஒழுங்காகக் கொடுத்த வாடகையை அவர் மேலே கொடுக்காமல் விட்டால், வெளியேற்றச் சொல்லும் கடிதம் நீங்கள் இருக்கும் கதவில்தான் ஒட்டப்படும். ஆகவே வீட்டுக்காரரின் அனுமதி எழுத்தில் வேண்டும், மின்னஞ்சலாக இருந்தாலும் போதும். முன்பணத்தை யாரிடம் கொடுக்கிறோம், யார் திருப்பித் தருவார் என்பதும் அதிலேயே இருக்கட்டும். முடிந்தால் சீனியரின் அசல் ஒப்பந்தத்தையும் ஒருமுறை வாங்கிப் படித்துவிடுங்கள்.

முன்பணம் என்னும் தனிக்கதை

நான்கு வழிகளையும் ஒப்பிடும்போது அட்வான்ஸை எல்லோரும் செலவாகவே சேர்ப்பதில்லை, எப்படியும் திரும்பி வரும் என்று. எனக்கு அந்தக் கூட்டு வீட்டில் பாதிதான் வந்தது. சுவரில் கறை என்றார்கள். நாங்கள் வரும்போதே இருந்த கறை. நிரூபிக்க எங்களிடம் ஒரு படம்கூட இல்லை.

எவ்வளவு வாங்கலாம் என்பதற்குச் சில இடங்களில் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. ஜெர்மனியில் அதிகபட்சம் 3 மாத வாடகை, அதுவும் வெப்பமூட்டல் போன்ற செலவுகளைச் சேர்க்காமல். அதையும் 3 தவணையாகக் கொடுக்கும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு. இங்கிலாந்தில் 2019 முதல் பெரும்பாலான வீடுகளுக்கு 5 வார வாடகைதான் உச்சம். இந்தியாவில் 2021இன் மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு 2 மாதம் என்கிறது. ஆனால் அது மாதிரிதான், மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால்தான் செல்லும். நீங்கள் படிக்கும் ஊருக்கான விதியை ஒப்பந்தம் போடும் முன் தேடிப் பார்த்துவிடுங்கள். கேட்கிற தொகை வரம்பைத் தாண்டினால், அந்த வீட்டுக்காரரோடு பிற விஷயங்களும் எப்படிப் போகும் என்பதற்கு அதுவே முன்னோட்டம்.

முன்பணத்தில் சேதத்துக்குக் கழிக்கலாம். சாதாரணமாகப் புழங்குவதால் வரும் தேய்மானத்துக்குக் கழிக்கக்கூடாது என்பது பரவலாக உள்ள விதி. ஜன்னல் கண்ணாடியை உடைத்தால் சேதம், வெயிலில் திரைச்சீலை வெளிறினால் தேய்மானம். இந்த வழக்கில் ஜெயிக்க ஒரே ஆயுதம், சாமான் இறக்கும் முன் காலி அறையில் எடுத்த காணொளி. மின் மீட்டரில் இருக்கும் எண்ணையும் சேர்த்து எடுத்து, அன்றே வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும். கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால், எடுத்த தேதியைச் சந்தேகிக்கலாம்.

பார்க்காமல் பணம் கொடுப்பது

வெளியூரிலிருந்து தேடுபவர்களைக் குறிவைத்தே ஒரு மோசடி நடக்கிறது. படங்கள் அழகாக இருக்கும், வாடகை பக்கத்து வீடுகளைவிட நன்றாகவே குறைந்திருக்கும், உரிமையாளர் வேறு நாட்டில் இருப்பார், பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும். நேற்று இரவே இன்னொருவர் கேட்டுவிட்டார் என்ற அவசரமும் சேர்ந்து வரும். படத்தை இணையத்தில் படத்தேடலில் போட்டுப் பார்த்தால், அதே சமையலறை வேறு ஊரில் வேறு பெயரில் விற்பனைக்கு இருப்பது சில நேரம் தெரிந்துவிடும்.

நேரில் போக முடியாவிட்டால் நேரலைக் காணொளியில் காட்டச் சொல்லுங்கள், பதிவு செய்து அனுப்பியதை ஏற்க வேண்டாம். வீட்டு வாசலுக்கு வந்து தெருவைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு குழாயைத் திறந்துவிட்டு, அதே நேரம் கழிவறையிலும் தண்ணீர் விடச் சொல்லுங்கள். அழுத்தம் குறைகிறதா என்பது அப்போதுதான் தெரியும். சுவரின் அடிப்பகுதிக்கு மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் ஓதம் இருக்கலாம். ஜன்னல் கம்பி உள்ளிருந்து திறக்கக் கூடியதா, தீப்பிடித்தால் வேறு வழியாக வெளியேற முடியுமா என்று கேளுங்கள். குளியலறைக்குள் எரிவாயு வாட்டர் ஹீட்டர் இருந்து, காற்றுப் போக்கு இல்லையென்றால் அந்த வீடு வேண்டாம். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இதில் பேரம் கிடையாது.

பல பல்கலைக்கழகங்களில் வெளித்தங்கலுக்கென்றே ஓர் அலுவலகமும், ஒப்பந்தத்தைக் கட்டணமில்லாமல் படித்துச் சொல்லும் சட்ட உதவி மையமும் உண்டு. பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டு, சண்டை வந்த பிறகுதான் அங்கே போகிறார்கள். முன்னால் போனால் அரை மணி நேர வேலை.

சித்தி மகள் கடைசியில் உள்வாடகை அறையையே எடுத்தாள். தோழிகளிடம், நான்கு மாதம் கழித்தும் நாம் பேசிக்கொண்டிருந்தால் சேர்ந்து வீடு பார்ப்போம் என்று சொல்லிவிட்டாளாம். வீட்டுக்காரரின் அனுமதி மின்னஞ்சல் வந்தது, மீட்டர் படம் போனது, காணொளி ஆறு நிமிடம், அலமாரிக் கதவின் உள்பக்கம் வரை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. குடிபோன அன்று இரவு அவள் அழைத்தபோது சரியாகக் கேட்கவில்லை, விட்டு விட்டு வந்தது.

"அக்கா, அறைக்குள்ள சிக்னலே இல்ல. மாடிப்படில நின்னு பேசுறேன்."

அதைக் கேட்கச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.